உறையில் யார் பெயர்?

"காதுக்குச் சாதி தெரியாதுண்ணா."

நைனார்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி சொன்னது இது. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய்க் கல்லூரியில் படிக்கிறவர். கீபோர்டு வாசிப்பார். வாத்தியார் யாரும் இல்லை, காதால் கேட்டே பழகியவர். அன்றைக்குப் பேச்சு இடஒதுக்கீட்டில் தொடங்கி, தகுதி, திறமை என்று நீண்டு, கடைசியில் இசையில் வந்து நின்றது. "வேலை குடுக்கறதுல சாதி பாப்பாங்க. வாடகைக்கு வீடு விடறதுல பாப்பாங்க. எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா மியூசிக்ல நடக்காது. கண்ணை மூடிக் கேட்டா யாரு வாசிக்கறாங்கன்னு தெரியாது. நல்லா இருந்தா நல்லா இருக்கு. அங்க மட்டுமாவது தகுதிதான் பேசும்."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. எங்காவது ஓரிடத்திலாவது இந்தச் சனியன் இல்லாமல் இருக்கக் கூடாதா என்கிற ஏக்கம் அது. அந்த வயதில் எனக்கும் இருந்தது. ஆனால், தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டுப் போட்டு உட்கார்ந்து இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்: "தகுதி இருந்தால் யாராலும் தடுக்க முடியாது." நம் ஏக்கமும் அவர் வாதமும் ஒரே சொற்களில் இருப்பது ஆபத்து. அதனால் அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

பதிலை நம் ஊரிலிருந்து தொடங்கப் போவதில்லை. நம் ஊர்க் கதையை எடுத்தால் "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சாதி" என்பார்கள். சாதி என்ற சொல்லே இல்லாத ஒரு கதையை எடுக்கிறேன். இங்கிலாந்தில் நடந்தது. பியானோ ஒலிப்பதிவுகளைப் பற்றியது.

நோயாளிப் பெண்ணின் நூறு சிடிகள்

ஜாய்ஸ் ஹாட்டோ என்று ஒரு ஆங்கிலேயப் பியானோ கலைஞர். 1928இல் பிறந்தவர். இளம் வயதில் மேடைகளில் வாசித்திருக்கிறார், சில ஒலித்தட்டுகளும் வந்தன. பெரிய பெயர் கிடைக்கவில்லை. 1970களில் மேடையிலிருந்து விலகிவிட்டார். அப்புறம் நீண்ட காலம் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

2000க்குப் பிறகு திடீரென்று அவர் பெயரில் சிடிகள் வரத் தொடங்கின. வெளியிட்டது அவர் கணவர் வில்லியம் பாரிங்டன் கூப் நடத்திய சிறு நிறுவனம். ஒன்றிரண்டு இல்லை, நூறுக்கும் மேல். ஷோபான், லிஸ்ட், ராக்மனினோவ் என்று ரொமாண்டிக் காலப் பியானோ இசை முழுவதும் ஒரே பெண்மணியின் பெயரில். லிஸ்ட் எழுதிய 'டிரான்சென்டென்டல்' பயிற்சிகள் பன்னிரண்டும் விரலை முறிக்கும் வகை. ஷோபானின் பயிற்சிப் பாடல்களை கோடோவ்ஸ்கி இன்னும் சிக்கலாக்கி எழுதியவற்றைத் தொடுவதற்கே பலர் பயப்படுவார்கள். அத்தனையையும் எழுபது வயது தாண்டிய, புற்றுநோயோடு போராடுகிற ஒரு பெண் வீட்டருகே ஒரு சின்ன ஸ்டுடியோவில் வாசித்துப் பதிவு செய்கிறார் என்றார்கள்.

இசை ரசிகர்கள் உருகிப் போனார்கள். இணையத்தில் கொண்டாடினார்கள். பத்திரிகைகளும் தொடர்ந்தன. யாருக்கும் தெரியாத மாமேதை என்று எழுதின. 2006 ஜூனில் அவர் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்புகள் அவரை பிரிட்டன் பெற்ற மிகச் சிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்த்தின.

2007 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு ரசிகர், ஹாட்டோவின் லிஸ்ட் சிடியைக் கணினியில் போட்டார். ஐடியூன்ஸ் திரையில் வேறொரு பெயர் வந்தது: லாஸ்லோ சிமோன். ஹங்கேரியில் பிறந்த கலைஞர். ஸ்வீடனின் பிஸ் நிறுவனத்துக்காக அதே லிஸ்ட் பயிற்சிகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்தவர். அந்த ரசிகர் ஒரு விமர்சகருக்கு எழுத, அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார். பன்னிரண்டில் பத்து ஒன்றேபோல் இருந்தன. விஷயம் 'கிராமபோன்' இதழுக்குப் போனது. இதழ் ஒலிப்பொறியாளர் ஒருவரிடம் கொடுத்து ஒலி அலைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. ஒரே பதிவு. சில இடங்களில் கண்டுபிடிக்கக் கூடாதென்று வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்திருந்தார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கோடோவ்ஸ்கி சிடியில் இருந்தது இத்தாலியரான கார்லோ கிராண்டேயின் வாசிப்பு. ஷோபானின் மசுர்க்காக்கள் யூஜின் இன்ஜிச் வாசித்தவை. கன்செர்ட்டோக்களுக்கு உடன் வாசித்ததாகச் சொன்ன ஆர்க்கெஸ்ட்ரா எங்கும் இல்லை. அதை நடத்தியதாகப் போட்டிருந்த ரெனே கோஹ்லர் என்ற மனிதரே கிடையாது. அந்த இல்லாத மனிதருக்கு ஒரு வாழ்க்கை வரலாறும் எழுதி வைத்திருந்தார்கள்: நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்தவர் என்று. அடுத்தவர் வாசிப்போடு நிறுத்தாமல், அடுத்தவர் பட்ட துயரத்தையும் எடுத்து விற்றிருக்கிறார்கள்.

முதலில் மறுத்த கணவர், பிறகு பிஸ் நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். மனைவி வலியில் முனகும் சத்தம் பதிவில் விழுந்தது, அதை மறைக்க மற்றவர் பதிவுகளிலிருந்து துண்டுகளை ஒட்டத் தொடங்கினேன், அது பெருகிவிட்டது என்பது அவர் சொன்ன விளக்கம்.

இன்ஜிச் என்பவர் யார்?

இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் ஹாட்டோவைப் பற்றியே பேசுகிறார்கள். திருடு போனவரைப் பற்றிப் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

யூஜின் இன்ஜிச் பெல்கிரேடில் பிறந்தவர், அமெரிக்காவில் வளர்ந்தவர், பாரிசில் வாழ்ந்தவர். 1970இல் வார்சாவில் நடந்த ஷோபான் போட்டியில் நான்காம் பரிசு வாங்கியவர். வீடு வீடாகத் தெரிந்த பெயராக அவர் ஆகவில்லை. ஷோபானின் மசுர்க்காக்களை ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்.

மசுர்க்கா என்பது போலந்து கிராமத்துக் குடியானவர்களின் ஆட்டம். மூன்று தட்டு. ஆனால் அழுத்தம் முதல் தட்டில் விழாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். காலைத் தூக்கிக் குதிகாலால் தரையை மிதிக்கிறவர்களின் கணக்கு அது. ஷோபான் அதைப் பாரிசின் வரவேற்பறைக்குக் கொண்டுபோய் ஐம்பதுக்கும் மேற்பட்ட மசுர்க்காக்களை எழுதினார். ஷோபானே தன் மசுர்க்காவை வாசித்தபோது, அது மூன்று தட்டா இரண்டு தட்டா என்று உடனிருந்த இன்னொரு பெரிய இசையமைப்பாளர் சண்டை போட்டதாகக் குறிப்பு இருக்கிறது. அவ்வளவு இழுத்தும் விட்டும் வாசிக்க வேண்டிய இசை. அந்த இழுப்பும் விடுப்பும் தாளில் எழுதியிருக்காது. ஒவ்வொரு கலைஞரும் தன் உடம்பிலிருந்து எடுக்க வேண்டும். ஆகவே ஒருவரைப் போல் இன்னொருவர் வாசிக்கவே முடியாது. கைரேகை மாதிரி.

அந்தக் கைரேகையை வைத்துத்தான் இன்ஜிச்சின் பதிவு பிடிபட்டது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் நிக்கலஸ் குக், கிரெய்க் சாப் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு ஒரு வேலையாக, பல கலைஞர்களின் மசுர்க்காப் பதிவுகளில் ஒவ்வொரு தட்டுக்கும் இடையிலான நேரத்தை அளந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பதிவுகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. ஒன்றில் ஹாட்டோ பெயர், இன்னொன்றில் இன்ஜிச் பெயர்.

அந்த வாசிப்பு உலகம் முழுக்கப் பாராட்டப்பட்டது. வாசித்த மனிதர் உயிரோடு பாரிசில் இருந்தார். பாராட்டு அவருக்கு வரவில்லை. இந்த ஒரு வரியைப் படிக்கும்போது உங்களுக்கு யாராவது ஞாபகம் வருகிறார்களா, தோழர்களே? எனக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

காது கேட்டது எதை?

முதலில் தம்பியின் கேள்விக்கு வருவோம். காதுக்கு ஒன்றும் தெரியாதா?

ஹாட்டோ பெயரில் வந்த ராக்மனினோவ் கன்செர்ட்டோ பதிவு உண்மையில் யெஃபிம் பிரான்ஃப்மன் என்ற கலைஞருடையது. பிரான்ஃப்மன் பெயரில் அது வந்தபோது குறை சொல்லி எழுதிய அதே விமர்சகர், ஹாட்டோ பெயரில் வந்தபோது அதைப் புகழ்ந்து தள்ளினார். அதே விரல்கள், அதே ஆர்க்கெஸ்ட்ரா. மாறியது உறையில் அச்சடித்த பெயரும் அதனோடு வந்த கதையும் மட்டும். வாழ்நாள் முழுக்கக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட காது அது. அந்தக் காதே உறையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டது.

ஒரு புத்திசாலி இங்கே குறுக்கே வருவார்: "பிரான்ஃப்மன் பிரபலம், ஹாட்டோ பிரபலமில்லாதவர். அப்படியானால் பெயரில்லாதவருக்குத்தானே சாதகமாக நடந்திருக்கிறது?" சரியான கேள்வி. பதில் இது: காது பிரபலத்தைத் தேடவில்லை, கதையைத் தேடியது. நோயோடு போராடும் மேதை என்ற கதை, வாசிப்புக்கு முன்பே அவர்கள் காதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு சுரத்திலும் அந்தக் கதையே கேட்டது.

இங்கிலாந்தில் அந்தக் கதைக்குப் புற்றுநோய் என்று பெயர். நம் நாட்டில் காதில் ஏறி உட்கார்ந்திருக்கிற கதைக்கு என்ன பெயர்? பரம்பரை. பாரம்பரியம். ரத்தத்தில் ஊறிய ஞானம். "அவங்க வீட்டுல கைக்குழந்தையே ஸ்ருதியோட அழும்." இந்தக் கதை யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது, யாரைப் பற்றி ஒருநாளும் சொல்லப்படுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளை நன்றாக வாசித்தால் "பரவாயில்லையே" என்பார்கள். அந்த ஒரு சொல்லின் ஏகாரத்தில் மூவாயிரம் வருஷம் உட்கார்ந்திருக்கிறது.

அதே 2007, இங்கே

ஹாட்டோ விவகாரம் பிப்ரவரியில் வெடித்தது. அதே 2007 அக்டோபரில் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. எழுதியவர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும். தோரட் நம்மவர், அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்களுக்கு நடந்த பாகுபாட்டை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

அவர்கள் செய்தது எளிமையான வேலை. பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பெயர் மட்டும் வேறு வேறு: உயர்சாதி இந்து என்று தெரிகிற பெயர், தலித் என்று தெரிகிற பெயர், முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33.

இங்கிலாந்தில் தற்செயலாக நடந்த சோதனையை இவர்கள் திட்டமிட்டு நடத்தினார்கள். உள்ளே இருப்பது ஒன்றே. உறையில் இருக்கிற பெயர் வேறு. அங்கே பாராட்டு மாறியது, இங்கே சோறு மாறியது. ஹாட்டோ விவகாரம் உலகத்துக்கே செய்தியானது. இந்த ஆய்வை எத்தனை தொலைக்காட்சி விவாதங்களில் பேசியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே" என்று உடனே ஒருவர் எழுந்திருப்பார். உண்மை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பெயரிலிருந்து எடுத்ததை முகவரியில் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். எந்த ஊரு? நைனார்பாளையமா? ஊருக்குள்ளயா, காலனியா? யார் பையன்? மூன்றாவது கேள்விக்குள் வேலை முடிந்துவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் உறையில் ஒரு சொல்லை மாற்றினால் கேட்கிறவன் காது மாறிவிடாது.

திரை போட்டால் போதுமா?

சரி, பெயரையே மறைத்துவிட்டால்? அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்கள் அதைச் செய்து பார்த்தன. 1970, 80களில் ஆளெடுப்பின்போது திரை போட்டு, வாசிக்கிறவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தரையில் கம்பளம் விரித்த இடங்களும் உண்டு. முன்னணி ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஐந்தில் 1970 வாக்கில் பெண்கள் 5 விழுக்காடுகூட இல்லை. 1990களில் 20 விழுக்காட்டைத் தாண்டினார்கள். இதை ஆராய்ந்த கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் இருவரும் அந்த மாற்றத்தில் திரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்று 2000இல் எழுதினார்கள்.

"காது நேர்மையானது" என்று அதுவரை சொன்னவர்களுக்கு இது அடி. நேர்மையான காதுக்குத் திரை எதற்கு?

ஆனால் நாம் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அதே திரைக்குப் பின்னால் கறுப்பின மக்கள் ஏன் வரவில்லை? 2014இல் எடுத்த கணக்கில் அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் கறுப்பினக் கலைஞர்கள் 2 விழுக்காடுகூட இல்லை. மக்கள் தொகையில் அவர்கள் எட்டில் ஒருவருக்கும் மேல். திரை யாருடைய நிறத்தையும் பார்க்கவில்லை. திரை வரைக்கும் வந்து சேர்வதற்கான பாதைதான் நிறம் பார்த்தது. பியானோ யார் வீட்டில் இருந்தது? ஐந்து வயதில் வாத்தியார் யாருக்குக் கிடைத்தார்?

நம் தம்பியின் கீபோர்டுக்கு வருவோம். பாதி விலைக்கு வாங்கிய பழைய கீபோர்டு. ஐந்து ஸ்தாயி. விசையை அழுத்தினால் சத்தம் வருகிற வகை. மெதுவாகத் தொட்டால் மெல்லிய சத்தம், ஓங்கித் தட்டினால் பெரிய சத்தம் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. பியானோவுக்கு எண்பத்தெட்டு விசை. தொடுகிற கனத்துக்கு ஏற்ப ஒலி மாறும். ஷோபானின் இசை முழுவதும் அந்தத் தொடுதலில்தான் இருக்கிறது. மசுர்க்காவின் இரண்டாம் தட்டு அழுத்தத்தை அந்தக் கீபோர்டில் வாசிக்கவே முடியாது. சென்னைக்கு அரை நாள் பஸ் பயணம், ஒவ்வொரு கிரேடு தேர்வுக்கும் கட்டணம், பயிற்சிக்குப் பியானோ வாடகை. கரும்பு வெட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் கூலிக்குப் போகிற வீட்டில் யார் கொடுப்பார்கள்? இவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து "உன் சாதி எனக்குத் தெரியாது, தகுதியை மட்டும் கேட்கிறேன்" என்று சொல்கிறவன் நேர்மையாளனா, அயோக்கியனா? திரைக்கு முன்னால் நடக்கிற பாகுபாட்டைத் திரை தடுக்கும். திரைக்கு வருவதற்கு முன் நடந்ததை இடஒதுக்கீடு மாதிரியான ஏற்பாடுதான் கொஞ்சமாவது சரிசெய்யும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

நம் பக்கத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது: "நமக்கெதுக்கு பியானோ? பறை இருக்கு." பறை நம் பெருமை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று கட்டாயத்தை மறுத்த போராட்டமும், அதே பறையை மேடையில் ஏற்றிய போராட்டமும் நம்முடையவை. ஆனால் "உனக்கு இந்த வாத்தியம் மட்டும்தான்" என்று சொல்வது யாருடைய சட்டம்? அம்பேத்கர் கடைசிக் காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். யாரைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்? மசுர்க்காவே ஒரு கிராமத்து ஆட்டத்திலிருந்து வந்தது. நம் தம்பி அதை வாசிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

திருட்டு எப்போது பிடிபடும்?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஹாட்டோ மோசடியைக் கண்டுபிடித்தது காதுகள் இல்லை, கணினி. அதுவும் எப்படி? அந்தச் சிடியில் ஒவ்வொரு பாடலும் எவ்வளவு நீளம் என்று பார்த்து, தன் பதிவேட்டில் தேடியது. கணினிக்கு உறையில் இருந்த பெயர் தெரியாது, கண்ணீர்க் கதை தெரியாது. அதனால் உண்மையைச் சொல்லிவிட்டது.

இதைக் கேட்டு "ஆகா, இயந்திரம் நடுநிலை" என்று சந்தோஷப்படாதீர்கள். லாஸ்லோ சிமோனின் பெயர் ஏற்கெனவே அந்தப் பதிவேட்டில் இருந்தது. யாரோ ஒருவர் அதை உள்ளே ஏற்றியிருந்தார். இல்லாவிட்டால் கணினியும் திரையில் ஹாட்டோ என்றே காட்டியிருக்கும், அல்லது வெறுமையாக இருந்திருக்கும். திருட்டு பிடிபடுவதற்கு முதலில் சொந்தக்காரர் பெயர் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும்.

பெயரே பதிவாகாதவர்களிடமிருந்து திருடினால்? அது ஒருநாளும் பிடிபடாது. அதற்குத் திருட்டு என்ற பெயர்கூட வராது. மரபு என்று பெயர் வரும்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல். உரித்து, பதப்படுத்தி, வெட்டி, இழுத்துக் கட்டி, அந்த நாதத்தை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள், தலித் கிறித்தவர்கள். தஞ்சாவூரின் செபஸ்டியன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தவர்கள். பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து. மணி அய்யர் பெயர் கர்நாடக இசை கேட்கிற எல்லாருக்கும் தெரியும். பர்லாந்தின் பெயர் எத்தனை ஒலித்தட்டு உறையில் இருக்கிறது? டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. தோல் உள்ளே வரலாம். அந்தத் தோலைத் தொட்டவரின் பெயர் உள்ளே வந்தால் மேடைக்கு ஆகாது.

பியானோவைப் பாருங்கள். கச்சேரி மேடையில் பியானோவின் பக்கவாட்டில், கூட்டத்துக்குத் தெரிகிற பக்கத்தில், செய்தவர்களின் பெயரைத் தங்க எழுத்தில் பொறித்திருப்பார்கள். ஸ்டெய்ன்வே அண்ட் சன்ஸ். வாசிக்கிறவர் மாறலாம், அந்தப் பெயர் மாறாது. ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போன ஒரு தச்சுத் தொழிலாளியின் குடும்பப் பெயர் அது. கைவேலை செய்தவன் பெயரை மேடையில் எழுதினால் இசைக்கு எந்தத் தீட்டும் வந்துவிடவில்லை.

பெயரைக் கேட்டால் நமக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்று, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து அரங்கேற்றினார். அவர் தன்னை எந்த அடையாளத்துக்குள்ளும் வைத்துப் பேச விரும்பாதவர், அது அவர் உரிமை. நான் பேசுவது அவரைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சை. தன் பாடல்களை மேடையில் பாட அனுமதி கேட்க வேண்டும் என்று 2017இல் அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது வந்த வசவுகளை நினைத்துப் பாருங்கள். பணத்தாசை, தலைக்கனம், "பாட்டு எல்லாருக்கும் சொந்தம்." சட்டப்படி உரிமை தயாரிப்பாளருக்கா, இசையமைப்பாளருக்கா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். இன்ஜிச்சின் பதிவு திருடப்பட்டது என்று தெரிந்தபோது "இசை எல்லாருக்கும் சொந்தம், இதற்கேன் அலட்டல்" என்று எவரும் அவரிடம் சொன்னதாக நான் படித்ததில்லை. நம் ஊரில் படைப்பு பொதுச்சொத்தாவது எப்போதும் சிலருடைய படைப்பு மட்டும்தான்.

என்ன செய்வது?

பெயரை ஒளித்துக்கொள்வது நமக்கு வழி இல்லை. ஒளித்தால் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கவில்லையென்றால் நம் வேலையை எடுத்துத் தங்கள் பெயரை ஒட்டிக்கொள்வார்கள். எழுத வேண்டும். எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த மாதத்திலிருந்து நைனார்பாளையத்தில் இதைத் தொடங்குகிறோம். திருவிழாவிலோ, சாவிலோ, மாநாட்டிலோ நம் ஆட்கள் வாசிப்பதை செல்பேசியில் பதிவு செய்கிறவர்கள், கீழே 'பறை இசை, கள்ளக்குறிச்சி' என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். வாசித்த ஒவ்வொருவரிடமும் கேட்டு, சம்மதத்தோடு, அவர் பெயரைப் போடுங்கள். வாத்தியத்துக்குத் தோல் கட்டியவர் யார் என்று கேளுங்கள், அதையும் போடுங்கள். அடியை யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். தேதி போடுங்கள். கல்வராயன் மலையில் படிக்கிற தோழர்கள் அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களிடமும் இதே வேலையைச் செய்யலாம், அவர்கள் விரும்பினால். பாட்டுக்காரியின் பெயர் இல்லாமல் பாட்டை மட்டும் அள்ளிக்கொண்டு வருவது நாமும் செய்கிற திருட்டு.

கல்லூரியில் "தகுதி" என்று யாராவது ஆரம்பித்தால், கோபப்பட்டு எழுந்து போகாதீர்கள். ராக்மனினோவ் பதிவை ஒரு பெயரில் குறை சொல்லி இன்னொரு பெயரில் புகழ்ந்த காதின் கதையைச் சொல்லுங்கள். பிறகு 0.67 என்ற எண்ணைச் சொல்லுங்கள். பிறகு அமைதியாக உட்காருங்கள்.

கடைசியாகக் கீபோர்டு தம்பிக்கு. இன்ஜிச் வாசித்த மசுர்க்காக்களைத் தேடிக் கேளுங்கள். இந்த முறை உறையில் அவர் பெயரே இருக்கும். முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள். அப்புறம் கண்ணைத் திறந்து, யார் வாசித்தது என்று படித்துவிட்டு, இன்னொரு தடவை கேளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசிப்பைப் பதிவு செய்வோம். கீழே உங்கள் முழுப் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும். தெருப் பெயரையும் போடலாமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஜெய் பீம்.